பெரட்டு என்றால் சிரிப்பா?

ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்து ஹட்டன் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்ததுதானே. அந்தப் பிள்ளை "காலையில பெரட்டுக்குப் போகணும்" (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்க ஆட்கள் கூடுவதுதான் பெரட்டு) என்று சொல்லி வாய் மூடவில்லை, மேடையிலிருந்த பெரியவர் "பரேட்னு சொல்லுங்க தங்கச்சி" என்று திருத்திவிட்டார். சபை சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள்.

சரி ஐயா, பெரட்டு பரேட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் இப்போது அது எங்கள் சொல். பரேட் என்றால் பொலிஸ்காரர் காலைத் தூக்கி நடப்பது. பெரட்டு என்றால் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, பனியில் நின்று, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்பது. இரண்டும் ஒன்றா?

வெள்ளைக்காரன் எங்கள் மிளகுத்தண்ணியை 'மல்லிகடோனி' ஆக்கினால் அது ஹோட்டல் சூப். எங்கள் பாட்டி பரேட்டைப் பெரட்டாக்கினால் படிப்பறிவில்லாமை. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி வேறு தோட்டத்துக்கு மாற்றும் துண்டு முறையை 1921இல் ஒழித்தபோதும் துரைமார் ஆங்கிலத்தில் அதன் பெயர் 'துண்டு'தான். அவர்களை யாரும் திருத்தவில்லை.

ஆறாம் வகுப்புக்கு டவுன் பாடசாலைக்குப் போனேன். கண்டக்டர் என்ன செய்வார் என்று ஆங்கில டீச்சர் கேட்டார். நான் கையைத் தூக்கி, "மலையில நின்னு ஏசுவாரு டீச்சர்" என்றேன். எனக்குத் தெரிந்தது கொழுந்து மலையை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கையாவைத்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. (பஸ் கண்டக்டரும் ஏசுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.) அந்த வருஷம் முழுக்க நான் கையைத் தூக்கவில்லை.

"அப்போ பிள்ளைகள் சரியான ஆங்கிலம் படிக்க வேண்டாமா?" என்று இந்நேரம் யாரோ டைப் செய்துகொண்டிருப்பீர்கள். படிக்கட்டும். என் மகளையும் டியூஷனுக்குத்தான் அனுப்புகிறேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவர் வீட்டுத் திண்ணையை நாங்கள் சொல்லும் 'இஸ்தோப்பு' என்பதையும் கொச்சை ஆங்கிலம் என்றாராம். அது டச்சுக்காரன் சொல் ஐயா! அறைக்கு நாங்கள் சொல்லும் காம்பரா போர்த்துக்கீசம். திருத்த வருகிறவர் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம்.

"இதெல்லாம் அடிமைக் காலத்துச் சொற்கள், விட்டுவிடுவோம்" என்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் எதை விட்டோம்? வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா இன்றைக்கு 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்'. பெயர்ப்பலகை பளபளக்கிறது. லயன் என்ற ஆங்கிலம் லயமாகி, இப்போது கடுதாசியில் 'குடியிருப்பு'. எங்கள் வீட்டுத் தகரம் மட்டும் அதேதான். மழை பெய்தால் காம்பராவின் எந்த மூலையில் எந்தச் சட்டியை வைப்பது என்று என் மகளுக்குக்கூடத் தெரியும். அதைத் திருத்த யாரும் ஒலிவாங்கியைப் பிடிப்பதில்லை.

நாளைக் காலையும் என் அக்கா பெரட்டுக்குப் போவாள். ஐயாவும் ஆறு மணிக்கு எழுந்து அங்கே வரட்டும். வரிசையாக நிற்கும் பொம்பளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கட்டும், பார்ப்போம்.