டிராக்டர் சுப்பிரமணி நான் இல்லைங்க சாமி

இன்றைக்கும் வந்துவிட்டது. தலையைக்கூடத் துவட்டவில்லை, அதற்குள் போன்.

"சார், மா. சுப்பிரமணிங்களா? டிராக்டர் டியூ நிக்குது சார்."

"நான் அந்த சுப்பிரமணி இல்லைங்க."

"பேரு சுப்பிரமணிதானே?"

"ஆமா."

"இனிஷியல் மா?"

"ஆமா, ஆனா..."

"பாலக்கோடு பக்கம்தானே?"

"ஆமாங்க, ஆனா..."

"அப்புறம் என்ன சார், எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

"எங்கப்பா பேரு மாதையன்."

"இங்கயும் மாதையன்னுதான் சார் போட்டிருக்கு."

போடாமல் என்ன செய்யும்? மாதேஸ்வரனைக் கும்பிடுகிற சீமை இது. தெருவுக்குத் தெரு மாதையன், மாது, மாதப்பன், மாதேஷ். அவர்கள் பெற்ற பிள்ளைகளில் முருகன் பெயர் வைத்ததை எல்லாம் கூட்டினால் ஒரு வார்டு தேர்தலே நடத்தலாம். இதைத் தம்பிக்குப் பொறுமையாக விளக்கினேன். அவனும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "சரி சார், சாயங்காலத்துக்குள்ள பாதியாவது கட்டிடுங்க" என்றான்.

"தம்பி, எனக்குக் காலி மனைகூடக் கிடையாது. டிராக்டரை வச்சு மொட்டை மாடியிலயா உழுவேன்?"

"வாடகைக்கு விட்டிருப்பீங்க சார்."

என்ன ஒரு மூளை! என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், ஊருக்கு வந்து டீக்கடையில் விசாரித்தானாம். டீக்கடை அண்ணனும் பெரிய மனது பண்ணி, தன் போனில் சுப்பிரமணி என்று முதலில் வந்த நம்பரைக் கொடுத்துவிட்டார். நான்தான் அந்த முதல்.

எங்கள் ஊரில் கரண்டு சுப்பிரமணி இருக்கிறார், தக்காளி மண்டி சுப்பிரமணி இருக்கிறார், பால் சொசைட்டி சுப்பிரமணி, பெங்களூரில் கொத்தனார் வேலை பார்க்கும் சுப்பிரமணி, பம்பை அடிக்கிற சுப்பிரமணி எல்லாம் இருக்கிறார்கள். ஆளுக்கொரு தொழில், தொழிலுக்கொரு அடைமொழி. நான் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறேன். அதனால் எனக்கு ஊர் வைத்த பெயர் 'சும்மா இருக்கிற சுப்பிரமணி'.

இந்தப் பெயரில் ஒருத்தன்தான் இருப்பான் என்று நினைக்கிற தம்பி ஒரு நடை பாப்பாரப்பட்டிக்குப் போய் வரட்டும். அங்கே சுப்பிரமணிய சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. 1908-ல் வ.உ.சி.யோடு சேர்ந்து சிறைக்குப் போனவர், தொழுநோயோடு வெளியே வந்தவர், 1925-ல் பாப்பாரப்பட்டியிலேயே கண்ணை மூடினார். அவருடைய சிநேகிதர் பாரதியும் சுப்பிரமணியன்தான், அவருக்குப் பாட்டும் பத்திரிகையும். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்த உணவு மந்திரியும் சி. சுப்பிரமணியம். நல்லவேளை, அந்த ரசீதில் இனிஷியல் 'சி'. 'மா' என்று இருந்திருந்தால் கோதுமைப் பாக்கியும் என் தலையில்தான். 1983-ல் நோபல் வாங்கிய விஞ்ஞானி சந்திரசேகரின் அப்பாவும் சுப்பிரமணியன், லாகூரில் ரயில்வே கணக்குத் தணிக்கை உத்தியோகம். அதாவது அவரும் என்னை மாதிரி கணக்குப் பார்த்தவர். இதையும் தம்பியிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப அந்தப் பரிசுப் பணம் எதுவும் வந்துச்சா சார்?"

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். தன் பெயரைச் சொன்னான்: சுப்பிரமணி. "உங்களுக்கு இந்த மாதிரி போன் வராதா?" என்றேன். "தினமும் வருது சார். எனக்கு அடகு நகை."

சரி, விடுங்கள். சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சீசனில் ரோட்டோரமெல்லாம் பெங்களூரா மாங்காய் விலை போகாமல் கொட்டிக் கிடக்கிறது. நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போனால், வாசலில் நீட்டுகிறார்கள், அட்டை டப்பாவில் மாம்பழ ஜூஸ்! அதுவும் சூடாக!