மழையில் போய் நின்று பார்த்துவிட்டு முளை அடியுங்கள்

புரட்டாசி கடைசியில் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். நண்பரின் நண்பர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் நாற்பது சென்ட் தேயிலை நிலம் வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்து இருந்துவிடுகிற எண்ணம். நல்ல மனிதர், இயற்கை மேல் நிஜமாகவே அக்கறை உள்ளவர். "முழுக்க முழுக்க கிரீன் பில்டிங்கா இருக்கோணுங்க" என்று சொல்லி, சென்னையில் வரைந்து வாங்கிய பிளானை என் மேசையில் விரித்தார்.

பிளானில் எல்லாம் இருந்தது. கூரையில் சோலார், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்கு நிலக்கரிச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல், மழைநீருக்கு நான்கு உறிஞ்சு குழி. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற உயரக் கோடு மட்டும் ஒன்றுகூட இல்லை. காகிதத்தில் அந்த நிலம் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு மாதிரி சப்பையாகக் கிடந்தது.

"நிலம் எந்தப் பக்கம் சாயுதுங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ரோட்டிலேருந்து கீழே போகுதுங்க."

"மழைத் தண்ணி எந்த வழியா இறங்குது?"

"அது பார்க்கலீங்க. நான் வந்தப்போ நல்ல வெயில்."

இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் கட்டட வேலை பார்க்கிறேன். இந்த உரையாடல் எத்தனை தடவை நடந்திருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. மலையில் ஒரு வீடு பச்சையா இல்லையா என்பது முதல் கல் வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தில் உட்காருகிறது, எவ்வளவு மண்ணை வெட்டுகிறது, மழைத் தண்ணீரை எங்கே அனுப்புகிறது, இந்த மூன்றுதான் கேள்வி. சோலாரை அப்புறமும் மாட்டலாம். வெட்டின மலையைத் திருப்பி ஒட்ட முடியாது.

பசுமைச் சான்றிதழ் தருகிறவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். கிரிஹா, ஐஜிபிசி, லீட் என்று எந்தச் சான்றிதழ் முறையை எடுத்தாலும் மனை பற்றித் தனியாகப் பேசுகிறார்கள். வேலை நடக்கும்போது மண் அரித்துப் போகாமல் பார்க்க வேண்டும், மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்பப் போட வேண்டும், இருக்கிற மரத்தையும் நிலத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் முடிந்தவரை விட்டுவைக்க வேண்டும். லீடில் குடியிருப்புப் பகுதிகளுக்கென்று இருக்கும் பிரிவு 15 சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தாலே செங்குத்து நிலம் என்று எடுத்துக்கொண்டு கட்டுப்பாடு போடுகிறது. அதாவது நூறு அடி நடந்தால் பதினைந்து அடி ஏற்றம். எங்கள் ஊரில் அதற்குக் குறைவாகச் சாய்ந்த இடம் கிடைத்தால் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சான்றிதழ் பாயின்ட் கணக்கில்தான் வருகிறது, அந்தப் பாயின்ட்டை எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். சைக்கிள் நிறுத்தக் கொட்டகைக்குக்கூட பாயின்ட் உண்டு. (கோத்தகிரி மேட்டில் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வருகிறவரை எனக்கும் காட்டுங்கள்.) பாயின்ட் வந்துவிட்டால் சான்றிதழ் வந்துவிடும், கீழே இருக்கிற சரிவு என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடியில் இருப்பது சார்னோக்கைட் என்கிற கெட்டிப் பாறை. (பேர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அந்தக் கல் போனதே நம் பல்லாவரம் பக்கத்திலிருந்துதான். வெள்ளைக்காரர்கள் அவர் பேரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள்.) அந்தப் பாறைக்கு மேலே, காலகாலமாக மக்கிப்போன செம்மண்ணும் களியும் பல மீட்டர் ஆழத்துக்குப் போர்த்தியிருக்கிறது. காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கே மசியாது. ஜேசிபி நேர்க்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, பாறையைத் தாண்டி இறங்க வழியில்லாமல் தேங்கி, மண்ணை உள்ளிருந்து தள்ள ஆரம்பிக்கும். பிடிப்பு விட்டுப் போன மண் மேலே இருப்பதையும் சேர்த்துக்கொண்டு இறங்கும்.

2009 நவம்பரில் அதைக் கண்ணால் பார்த்தேன். கேத்தி, குன்னூர், அச்சனக்கல் பக்கமெல்லாம் ஒரே சமயத்தில் சரிந்தது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு வீட்டில் சமையலறை பாதி மட்டும் நின்றது. மேடை மேல் குக்கர், மூடி போட்டபடி. மீதிப் பாதி இருந்த இடத்தில் ஈரச் செம்மண். அந்த வாரம் நான் நடந்து பார்த்த இடங்களில் பெரும்பாலானவற்றில், வீட்டுக்குப் பின்னாலோ வீட்டுக்கு மேலே போகிற ரோட்டிலோ ஒரு வெட்டு இருந்தது. அதற்கு முன்னால் 1993இல் மரப்பாலம் என்கிற ஊரில் சரிந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பந்தலூர்க்காரர்களுக்கு 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவு பற்றி நான் சொல்லத் தேவையில்லை, வயநாடு அவர்களுக்கு அடுத்த வீடு.

அந்த 800 மில்லிமீட்டரை ஒரு கூரையில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுகிற தண்ணீர் சுமார் 74,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஆறு. ஒரே நாளில். அந்த ஆறு லாரித் தண்ணீரையும் வீட்டுக்குப் பக்கத்துக் குழியில் ஊற்றி மண்ணுக்குள் இறக்கு என்கிறது அந்தப் பிளான்.

உறிஞ்சு குழி பற்றி எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம். சென்னைக்கு அது உயிர். ஆனால் 'மழைநீர் சேகரிப்பு' என்றதும் நம் மண்டைக்குள் ஒரு குழியும் ஜல்லியும் மணலும்தான் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு காட்டேஜ் வேலையில் பிளானில் இருந்தபடியே மூன்று குழி வெட்டி, அழகாக ஜல்லி நிரப்பி மூடினேன். போட்டோகூட எடுத்து வைத்தேன்.

அந்தக் காட்டேஜுக்குக் கீழே, அறுபது எழுபது அடி தள்ளி, ஒரு பாட்டி வீடு. தேயிலை பறித்துச் சேர்த்த காசில் கட்டிய ஓட்டு வீடு. அடுத்த ஐப்பசியில் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். வீட்டுப் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம், பாசி பிடித்திருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மண் மேட்டிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடியது. முப்பத்தைந்து வருடமாக அங்கே ஊற்று கிடையாது.

"இது எங்க தண்ணி இல்ல தம்பி," என்றார். "மேல இருந்து வருது. தெளிவா வந்தாகூடப் பயமில்ல. கலங்கி வருது பாரு."

கையில் பிடித்துப் பார்த்தேன். டீ மாதிரி இருந்தது. தண்ணீர் கலங்கி வருகிறது என்றால் உள்ளே மண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். எந்தக் கல்லூரியிலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரவில்லை. அந்த வாரமே மூன்று குழியையும் அடைத்து, கூரைத் தண்ணீரைக் குழாயில் எடுத்து சிமென்ட் தொட்டியில் விட்டோம். தொட்டி நிரம்பி வழிவதைக் கல் பாவிய கால்வாயில், படி படியாக வேகம் குறைத்து, பக்கத்து ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். முதலாளிக்குச் செலவு. என் சம்பளத்திலும் கொஞ்சம் போனது. போகட்டும். இரண்டு வருடம் மழைக்கு மழை அந்தத் துவைகல் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். பாட்டி டீ கொடுப்பார், நல்ல டீ.

ஆகவே மலையில் மழைநீர் சேகரிப்பு என்றால் தொட்டிதான். தண்ணீரைப் பிடித்து வையுங்கள், வெயில் காலத்தில் கோத்தகிரியில் குடத்துக்கு என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். சரிவின் உச்சியிலும் வெட்டின மேட்டுக்குப் பின்னாலும் தண்ணீரைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழிக்கும் இதுவேதான். வருடம் முழுக்க, மழை இல்லாத நாளிலும் சரிவுக்குத் தண்ணீர் ஊட்டுகிறது அது. ஒரு வீட்டுக்குப் பரவாயில்லை. ஒரே சரிவில் முப்பது அறை ரிசார்ட் வந்தால்?

அடுத்தது வெட்டு. நீலகிரியில் கட்டட உயரம் ஏழு மீட்டர் என்று 1993 விதி இருக்கிறது. ஹாக்கா எனும் மலையிடப் பாதுகாப்புக் குழும அனுமதி, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை என்று தடையின்மைச் சான்று வாங்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. விதியைக் குறை சொல்லவில்லை, அது இல்லாமல் போயிருந்தால் குன்னூர் இன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே பயம். கொடைக்கானலில் ஒரு ஓட்டலின் கூடுதல் மாடிகளை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் போட்ட வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போனதும் தெரியும். ஆனால் எல்லோரும் மேலே நிமிர்ந்து மாடியைத்தான் எண்ணுகிறோம். மேலே போக முடியாதவர்கள் உள்ளே போகிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றரை மாடி. பின்பக்கம் போனால் மலையை இருபது அடி கடைந்து, கீழே இன்னும் இரண்டு தளம்.

வெட்டின மண் எங்கே போகிறது? லாரி வைத்தால் காசு. அதனால் அப்படியே கீழே தள்ளிவிடுகிறார்கள், தேயிலைச் செடி மேல், ஓடை மேல். அந்தத் தளர்ந்த மண்ணையே சமப்படுத்தி கார் நிறுத்துகிற இடம் என்கிறார்கள். முதல் மழையில் அது ஓடைக்குப் போகிறது, ஓடை அடைத்தால் தண்ணீர் புது வழி தேடுகிறது. ஜேசிபிக்கு இங்கே ஆட்சியர் அனுமதி வேண்டும், எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு அது ஓடுகிற சத்தமும் எல்லோருக்கும் தெரியும்.

தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டோம் என்பார்கள். சுவரில் தண்ணீர் வெளியே வர குழாய் விட்டிருக்கும், வீப் ஹோல் என்போம். மழை நாளில் போய்ப் பாருங்கள். பாதிக் குழாயில் சொட்டு வராது. சுவருக்குப் பின்னால் ஜல்லி போடாமல் வெட்டின களிமண்ணையே அள்ளிப் போட்டு மூடியிருப்பார்கள், அல்லது பூச்சு வேலையில் மேஸ்திரி ஓட்டையை அழகாகப் பூசி மூடியிருப்பார். சொட்டாத சுவர் பலமான சுவர் என்று ஒரு நம்பிக்கை வேறு. சொட்டாத சுவருக்குப் பின்னால்தான் நான் நிற்கப் பயப்படுவேன்.

பழசெல்லாம் நல்லது என்று சொல்கிற ஆள் இல்லை நான். புல்வெளியில் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூக்கலிப்டஸ்) மரத்தையும் நட்டு நிரப்பிக் கெடுத்தது யார் காலத்தில் என்று தெரியும். ஆனால் பழைய ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வீடு உட்கார்ந்திருக்கிற விதத்தை ஒரு தடவை எதிர் மலையில் நின்று பாருங்கள். சரிவின் போக்கிலேயே வரிசையாக ஒட்டி ஒட்டி வீடு, முன்னால் திறந்த வெளி, தண்ணீர் ஓடுகிற பள்ளத்தை விட்டு ஒதுங்கி. நான்கு தலைமுறை மழையைப் பார்த்த பிறகு போட்ட பிளான் அது. நமக்கு வெயில் நாளில் ட்ரோன் விட்டு எடுத்த போட்டோ போதும் என்றாகிவிட்டது.

எங்கள் அப்பா சிலோனிலிருந்து வந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கிய கூட்டத்தில் ஒருவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் நான் வளர்ந்தேன். அந்த லயம் சரிவின் அடிவாரத்தில் இருந்தது. மேலே யார் என்ன வெட்டினாலும் எங்களைக் கேட்டு வெட்டியதில்லை. இப்போதும் கேட்பதில்லை. காட்சி வேண்டும் என்பவர்கள் மேலே கட்டுகிறார்கள், மிச்ச நிலம் கிடைத்தவர்கள் கீழே. பசுமைச் சான்றிதழ் விண்ணப்பத்தில் கீழ் வீட்டுக்காரர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தால் நான் அதை நம்பத் தொடங்குவேன்.

கோயமுத்தூர்க்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். வேலை இப்போது ஆரம்பிக்க வேண்டாம், மண் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் வாருங்கள், நிலத்தில் நிற்போம். கொஞ்சம் வருத்தப்பட்டார். பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டாராம், ஆர்க்கிடெக்ட் ஆள் வந்து முளை அடித்து, சிவப்புக் கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

போன வாரம் வந்தார். மூன்று நாளாக விடாத மழை. குடையெல்லாம் சும்மா, இரண்டு பேரும் நனைந்துகொண்டே தேயிலைச் செடிக்குள் இறங்கினோம். மேலே ரோட்டுச் சிறுபாலத்திலிருந்து வருகிற தண்ணீர் நிலத்தின் நடுவே ஒரு தாழ்வான கோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் நாளில் கண்ணுக்கே தெரியாத பள்ளம். முளைக்குச்சி நான்கில் இரண்டு அதற்குள் நின்றன. ஒன்று சாய்ந்து, கயிறு தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

பிளானைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பெட்ரூமுங்க," என்றார்.

வடக்கு ஓரத்தில் பாறை தலைகாட்டுகிற ஒரு திட்டு இருக்கிறது. சின்னது, காட்சி அவ்வளவு இல்லை, ரோட்டுச் சத்தம் கேட்கும். ஆனால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. வீட்டைப் பாதியாகக் குறைத்தால் அதில் உட்காரும் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.