மாவட்ட ஒதுக்கீடு வேறு, வேலைக்கு ஆள் எடுப்பது வேறு

"மலையகப் பிள்ளைகள் கோட்டாவில் கெம்பஸ் போகிறார்கள், அதே கோட்டாவில் கொழும்பு ஐடி கம்பனிகளுக்குள்ளும் நுழைகிறார்கள், தகுதி அடிபடுகிறது" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். இது சரியில்லை.

அவர் சொல்லும் மாவட்ட ஒதுக்கீடு பல்கலைக்கழக அனுமதிக்கானது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத் திறமைக்கு (அந்தந்த மாவட்டத்துக்குள் போட்டி), 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மலையகத்தின் நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அதுவும் மாவட்டத்துக்குத்தான், இனத்துக்கு அல்ல. தமிழ்ப் பிள்ளைக்கு உள்ளது பக்கத்துச் சிங்களப் பிள்ளைக்கும் உண்டு. உள்ளே போய்விட்டால் கொழும்புப் பிள்ளைக்கும் ஹட்டன் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்.

தனியார் கம்பனிகளுக்கு அப்படி ஒரு மாவட்டக் கோட்டா நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. கம்பனிகள் அமெரிக்காவைப் பார்த்து இந்தக் கோட்டாவைக் காப்பியடிக்கின்றன என்றும் அந்த அண்ணன் எழுதியிருக்கிறார். அங்கே 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் (Civil Rights Act) இனம், பால் பார்த்து ஆள் எடுப்பதையே தடுக்கிறது.

சில கம்பனிகள் செய்வது இதுதான்: முதல் சுற்றில் விண்ணப்பத்தின் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே கோடிங் பரீட்சை வைக்கின்றன. காரணம் இருக்கிறது. பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஒரே மாதிரி விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய ஆய்வு 2004இல் வெளியானது. வெள்ளையர் பெயர்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. "கீழ்ப்பிரிவு, இன்ன தோட்டம்" என்று முகவரி எழுதும் நம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

தகுதியைப் பார்க்கத்தான் முகவரியை மறைக்கிறார்கள். கோட்டா உண்டு என்பவர்கள் எந்தச் சட்டம் என்று எழுதுங்கள், பேசலாம்.