வள்ளுவர் சிலை ஒரே கல்லா?

குமரி வள்ளுவர் சிலை 133 அடி உயர ஒற்றைக் கல்லில் செதுக்கியது என்று வேலூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. பீடம் 38 அடி, சிலை 95 அடி. 3,681 கருங்கற்களை அடுக்கிப் பொருத்திக் கட்டியது.

ஒரே கல் என்றால் எப்படியிருக்கும்? நம்ம வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். தூணோடு தூணாக யாளி பாய்ந்து நிற்கும். தடவிப் பார்த்தால் விரலில் ஓர் இணைப்புக் கோடுகூடத் தட்டாது.

பிள்ளையார்பட்டியில் பிறந்த கணபதி ஸ்தபதி செய்தது அதைவிட வேறு மாதிரி வேலை. கடல் நடுவே பாறை மேல் இத்தனை கற்களைக் கோத்து, வள்ளுவர் இடுப்பில் அந்த மெல்லிய வளைவையும் கொண்டுவந்தாரே, எப்பேர்ப்பட்ட கை அது! 2000 சனவரி 1-இல் திறந்தார்கள். அப்புறம் 2004 சுனாமி வந்தது. சிலை அசையாமல் நின்றது.