பைட்டுக்கு ஒரு இன்டரப்ட்டா?

மேலே அண்ணன் ஒருத்தர், சீரியல் போர்ட்டை (மெஷின்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் காம் போர்ட்) நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓட்டினால் பைட்டுக்கு ஒரு இன்டரப்ட் (செய்கிற வேலையை நிறுத்திவிட்டு வா என்று பிராசஸரைக் கூப்பிடும் சிக்னல்) வந்து கம்ப்யூட்டர் திணறும், 9600-ஐத் தாண்டாதீர்கள் என்கிறார். பலரும் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். சீரியல் போர்ட்டை நடத்தும் சிப்பாக 8250, 16450 இருந்த காலத்துக்கு அது சரி. அவற்றில் ஒரு பைட் தங்கத்தான் இடம். பின்னால் வந்த 16550ஏ-வில் 16 பைட் ஃபைஃபோ (வந்த பைட்டுகள் வரிசையாகக் காத்திருக்கும் இடம்) உண்டு. 115200-இல் வருவது நொடிக்கு 11,520 பைட் (ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து பைட்டுக்கு 10 பிட்). 14 பைட் சேர்ந்ததும் கூப்பிடு என்று வைத்தால் நொடிக்கு சுமார் 820 இன்டரப்ட். இன்றைய பிராசஸருக்கு அது கொசுக்கடிகூட இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், போர்ட்ஸ், காம்1, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. 'யூஸ் ஃபைஃபோ பஃபர்ஸ்' டிக் இருக்கிறதா, ரிசீவ் பஃபர் 14-இல் நிற்கிறதா? கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் டேட்டா பாதி விட்டுப்போகுது என்று கூப்பிட்டார்கள்; போய்ப் பார்த்தால் யாரோ புண்ணியவான் அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தார். போட்டதும் சரியானது, வேகம் அதே 115200. (மதர்போர்டில் இருக்கும் போர்ட்டைச் சொல்கிறேன், யூஎஸ்பி கன்வர்ட்டர் கதை வேறு.) லினக்ஸ்காரர்கள் /proc/interrupts ஃபைலை டேட்டா ஓடும்போது 10 நொடி இடைவெளியில் இரண்டு தடவை திறந்து, அந்தப் போர்ட்டின் எண்களைக் கழித்து 10-ஆல் வகுத்துப் பாருங்கள்; நொடிக்கு எத்தனை இன்டரப்ட் என்று தெரியும்.