என் தம்பிக்கும் அதே கதைதான்
கைதிகளில் பலருக்கு முன்பே தலையில் பலத்த அடி பட்டிருக்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்ததும் தம்பி ஞாபகம்தான். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அவனுக்கு 19 வயது. தலையில் போட்ட தையல் ஆறியதும், சரி, பிழைத்துவிட்டான் என்று இருந்தோம். அப்புறம்தான் மறதி, நினைத்தே பார்க்க முடியாத கோபம். அடிதடி வழக்கில் உள்ளே போனான். பார்க்கப் போன அன்று, “அம்மா வரலையாக்கா?” என்று பத்து நிமிடத்தில் மூன்று தடவை கேட்டான். கூப்பிட்டதும் எழாததை அங்கே திமிர் என்றார்கள். ஆத்திரத்தை அடக்குவதே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதானே! பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில் கைதிகளில் சுமார் 60 விழுக்காட்டினருக்குத் தலையில் அடிபட்டு மூளையில் பாதிப்பு. “தலையில் அடிபட்டு மயங்கியிருக்கிறாயா?” என்று சிறையில் சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள்.