மருந்து எங்கே என்று கேட்ட அண்ணனுக்கு

நேற்றைய பதிவின் கீழே நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். தென்கொரிய ஆர்.என்.ஏ விஞ்ஞானி கிம் பிட்னேரியைப் பற்றி நாலு பத்தி எழுதியது ஒரு குற்றமா? "இருபது வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி பண்ணி இந்தம்மா ஒரு மருந்தாவது கண்டுபிடிச்சாங்களா? நோபலும் கிடைக்கல. ரொம்ப கொரியன் சீரியல் பார்க்கிறீங்க போல" என்று ஒரு அண்ணன் எழுதினார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் மூன்று பேர் என்னோடு உயிர்வேதியியல் படித்தவர்கள். அண்ணனை விடுங்கள், அந்த மூன்று பேர்தான் ராத்திரி தூங்க விடவில்லை.

சீரியல் பார்க்கிறேன்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நேற்று சொன்னதையே மறுபடி சொல்கிறேன். குறி பார்த்து அடிக்கிற மருந்து வேண்டுமென்றால், குறி எங்கே இருக்கிறது என்று முதலில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்துச் சொன்னவர் கிம்.

ஆர்.என்.ஏ என்பது ஜீனைப் பார்த்து செல் எடுக்கும் நகல், வேதி எழுத்துகள் கோத்த ஒரு நூல். அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்று ஒரு பொடி வகை நம் செல்லுக்குள் உண்டு. ஏறத்தாழ 22 எழுத்து நீளம். எந்த ஜீன் எவ்வளவு பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று அடக்கி வைப்பது அதுதான். ஆனால் பிறக்கும்போதே அது 22 எழுத்தாகப் பிறப்பதில்லை. நீளமாகப் பிறந்து, இரண்டு முறை வெட்டுப்பட்டு அந்த அளவுக்கு வருகிறது. முதல் வெட்டு செல்லின் உட்கருவான நியூக்ளியஸுக்குள்ளே, அடுத்தது அதற்கு வெளியே என்று 2002இல் கிம்மின் குழு காட்டியது. வெளியே வெட்டும் கத்தரி டைசர் என்ற புரதம் என்பது அதற்கு முன்பே தெரியும். உள்ளே வெட்டுவது எது? டிரோஷா என்று 2003இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம், பென்சில்வேனியாவில் மேலாய்வு எல்லாம் முடித்து அவர் சியோல் திரும்பியதே 2001இல்தான். இரண்டே வருஷம்!

அதோடு விடவில்லை. டிரோஷா தனியாக வேலை செய்வதில்லை, கூட ஒரு கையாள் புரதம் இருக்கிறது என்பது 2004இல் தெரிந்தது. கிம்மின் குழுவும் வேறு சில குழுக்களும் ஒரே காலத்தில் அதைச் சொன்னார்கள். 2006இல் அளவே வந்துவிட்டது. மடிந்து நிற்கும் ஆர்.என்.ஏ தண்டின் அடியிலிருந்து ஏறத்தாழ 11 ஜோடி எழுத்து தள்ளி வெட்டு விழும். எங்கள் தெரு தையல்காரருக்கு அளவு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் அரை இஞ்ச் முன்னே பின்னே போகும். இது கண்ணுக்கே தெரியாத நூலில் எடுத்த அளவு.

"டிரோஷா ஏற்கெனவே தெரிந்த புரதம்தானே, புதிதாக என்ன கண்டுபிடித்தார்?" என்று இன்பாக்ஸில் ஒருவர். தெரிந்த புரதம்தான் சார். செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் ஆர்.என்.ஏ வேலைக்கான ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரியும். பூட்டைத் திறக்கிறவர் அவர்தான் என்று சொன்னது யார்?

"அவர் இல்லாவிட்டால் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்." சரி. கண்டுபிடித்தது அவர்.

"மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து ஒன்றுகூட இன்னும் கடைக்கு வரவில்லையே." இது நியாயமான கேள்வி. கல்லீரல் புற்றுநோய் முதலான புற்றுநோய்கள் உள்ளவர்களை வைத்து நடந்த ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்துச் சோதனையை, நோயெதிர்ப்பு மண்டலம் மோசமாகத் திரும்பியதால் 2016இல் நிறுத்தினார்கள். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் மூளையை அரிக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய்க்கு ஒரு ஜீன் சிகிச்சையை இப்போது மனிதர்களிடம் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், அண்ணன் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஒரு செயற்கை மைக்ரோ ஆர்.என்.ஏவை மூளைச் செல்களையே தயாரிக்க வைத்து, நோய் கொடுக்கும் ஜீனை அடக்குகிற வழி அது. அந்தச் செயற்கை ஆர்.என்.ஏவுக்கு உள்ளே முதல் வெட்டுப் போடுவது டிரோஷாதான். குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிகள் சிலவற்றில் டிரோஷா ஜீனே பழுதாகியிருப்பதை 2014இல் பார்த்தார்கள். அந்தக் கத்தரி இன்னது என்றே தெரியாமல் இருந்திருந்தால், பழுதைப் பார்த்து என்னவென்று புரிந்துகொள்வது?

இன்னொன்று, 2020 ஏப்ரல். நாமெல்லாம் மொட்டைமாடியில் நின்றபோது, கொரோனா வைரஸ் செல்லுக்குள் என்னென்ன ஆர்.என்.ஏ செய்கிறது என்ற முழு வரைபடத்தைக் கிம்மின் குழுவும் கூட்டாளிகளும் செல் இதழில் போட்டுவிட்டார்கள். அதையும் மருந்து இல்லை என்று தள்ளிவிடலாம். தள்ளுங்கள்.

நோபலுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் மைக்ரோ ஆர்.என்.ஏவுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஆம்ப்ரோஸ், ருவ்குன், இரண்டே பேர். தகுதியானவர்கள், 1993இலேயே புழுவில் பார்த்தவர்கள், எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் ஒரு பரிசை மூன்று பேருக்குக் கொடுக்க விதி இடம் கொடுக்கிறது. மூன்றாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. அதே வாரம் இலக்கிய நோபல் கொரியாவுக்குப் போனது, ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் அந்தக் காலி நாற்காலி கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைக்காதவரைப் பார்த்து "கிடைக்கலையே" என்று சிரிக்க ஒரு தனி மனசு வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. பழைய நண்பர்களுக்குத் தெரியும், அப்பாவுக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், மைலாய்டு வகை. இமாடினிப் 400 மில்லிகிராம், தினமும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. முதல் நாள் அப்பா டாக்டரிடம், "முடி கொட்டுமா சார்?" என்றுதான் கேட்டார். டாக்டர் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் ஒரு பூட்டும் சாவியும் வரைந்தார். அந்தச் சீட்டு இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960இல் பிலடெல்ஃபியாவில் இரண்டு பேர் இந்த நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973இல் ஜேனட் ரௌலி 9ஆம் குரோமோசோமுக்கும் 22ஆம் குரோமோசோமுக்கும் இடையே துண்டு மாறியிருக்கிறது என்றார். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வைத்துப் பார்த்த பெண்மணி அவர். அந்தத் துண்டு மாற்றத்தால் பிறக்கும் கெட்ட புரதத்தைக் குறி பார்த்து அடைப்பதுதான் இந்த மாத்திரை. அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல். நடுவே 41 வருஷம். 1975இல் அண்ணன் சிகாகோவில் இருந்திருந்தால் ரௌலியிடமும் போய், "பேப்பர் வெட்டினது போதும், மருந்து எங்கம்மா?" என்று கேட்டிருப்பார். நூறு பேர் சிரித்திருப்பார்கள். என் அப்பா இருந்திருக்க மாட்டார்.

அது வேறு மருந்து, ஆர்.என்.ஏ இல்லை என்று ஒருவர் வருவார். தெரியும். நானும் அதைத்தான் படித்தேன்.

படித்தேன் என்றதும் ஞாபகம் வருகிறது. நான்கு வருஷம் ஈஸ்ட் செல்லில் ஒரே ஒரு புரதத்தைத் துரத்தினேன். ஒரு கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்தப் புளிச்ச மாவுல என்னத்தம்மா கண்டுபிடிச்சே?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கடுத்த வருஷம் குழந்தை பிறந்தது. ஆய்வேட்டை முடிக்கவில்லை. மாமா கேட்டதால் விட்டேன் என்று சொல்லவில்லை, காரணம் ஆயிரம் இருந்தது. ஆனால் திரும்பப் போகலாமா என்று யோசித்த ஒவ்வொரு முறையும் அந்தப் பந்திதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதனால் கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். கிம்முக்கு என் வக்காலத்து தேவையில்லை. சியோலில் ஒரு ஆர்.என்.ஏ ஆய்வு மையத்தையே 2012 முதல் நடத்துகிறார், நேற்றைய கமெண்ட் அவர் காதுக்குப் போகப் போவதுமில்லை. என் காதுக்கு வந்ததுதான் பிரச்சினை.

அந்தக் கமெண்டை அழிக்கவில்லை அண்ணே. அங்கேயே இருக்கட்டும். சிரித்த மூன்று பேருக்கும் சேர்த்து, ஆர்.என்.ஏவை நெடுநேரம் தாங்க வைக்கும் ஒரு துண்டை 2023இல் கிம்மின் குழு வைரஸ்களிலிருந்து எடுத்ததைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன். இதைவிட நீளமாக இருக்கும். இப்போது மணி ஒன்பது, அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டார். டம்ளரில் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும்.